ஒரு மீன்

பாலாவியில் தீர்த்தமாடித் திருக்கேதீச்சரப் பெருமானை வணங்கும் அடியார்களுள் வலை இழுப்பவர், கருவாடு விற்பவர், பனையோலையில் பெட்டி இழைப்பவர், சிறுகடை வைத்திருப்பவர் எனப் பலர் உளர். தொழிலில் உழல்பவனுக்குப் பக்தி ஏது என்று அவர்களே சலித்துக் கொள்வதுண்டு. அது சரியன்று. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்திலே குயவரும் எண்ணெய் வணிகரும் ஆடை வெளுப்பவரும் நாயன்மாராகவே வீற்றிருக்கின்றனர்.

கடலுக்கு அக்கரையில், நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே மீனவர் தலைவராக வாழ்ந்தவர் அதிபத்த நாயனார். நாள்தோறும் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் நியமம். பின்பு நாளுக்கு ஒரு மீனே அகப்படும் காலம் வந்தது. அதனையும் விட்டார். சுற்றத்தார் பசியால் வாடினர். அவர் உடலும் தளர்ந்தது. மீன்படாத நாட்களின் கொடுமையை மன்னார்க் கரையோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் மணிகள் பதித்த பொன்மீன் ஒன்று தனியே வலையில் வந்தது. அதனையும் சிவனுக்கென்றே விட்டார். இறைவன் இடபத்தின்மேல் காட்சி கொடுத்தான்.

பொன்மீனை விட்டதையே எல்லோரும் வியப்பர். அதற்கு முந்திய நாட்களில், வீட்டில் உலை ஏறாதிருக்க விட்ட சாதாரண மீனல்லவா பெரிது! யாவாரம் நன்றாக நடக்கும் நாளில் உண்டியலில் காசு போடுவது எளிது. கல்லாப்பெட்டி வெறுமையான நாளிலே, கொப்பி வாங்க வந்த பிள்ளைக்கு மிச்சக்காசை எண்ணிச் சரியாகக் கொடுப்பவரும், யாரும் பாராத பெட்டியின் அடிப்பக்கத்தையும் நெருக்கமாக இழைப்பவரும் விடுவது அந்த மீனைத்தான்.

ஆவணி ஆயிலியம் நாயனாரின் குருபூசைத் தினம். நாகப்பட்டினத்தில் இன்றும் அன்று கடலில் பொன்மீன் விடுகிறார்கள்.