தாளம் யார் கையில்?

சீடன்: ஐயா, நீங்கள் கொடுத்த லீ கோனிட்ஸின் 'அலோன் டுகெதர்' இசைத்தட்டை மூன்று முறை கேட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் கோபிப்பீர்களா?

குரு: கோபம் எதற்கு? எது பிடிக்கவில்லை, அதைச் சொல்.

சீடன்: லீ கோனிட்ஸ் லேசுப்பட்டவர் இல்லை. மைல்ஸ் டேவிஸின் 'பர்த் ஆஃப் த கூல்' ஒலிப்பதிவில் வாசித்தவர். அந்த நாளில் அவருடைய ஆல்ட்டோ சாக்ஸபோன் கண்ணாடிபோல் இருக்கும். இதிலோ காற்றுச் சத்தம் கேட்கிறது. சுருதி ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. ஒரு வரியைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார். 69 வயதில் மூச்சு போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

குரு: மூச்சு குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. அவர் விட்டுவிடும் இடத்தில் என்ன நடக்கிறது?

சீடன்: பியானோ ஏதோ சொல்கிறது.

குரு: ஏதோவா?

சீடன்: சரி, அவர் வைத்ததை எடுத்துக்கொண்டு போகிறது.

குரு: அந்தப் பியானோக்காரர் பிராட் மெல்டாவுக்கு அப்போது 26 வயது. பேஸ் வாசிக்கும் சார்லி ஹேடனுக்கு 59. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், பழைய ரொட்டித் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்த 'ஜாஸ் பேக்கரி' அரங்கில் 1996 டிசம்பரில் வாசித்தது இது. மேடையில் யார் இல்லை, பார்த்தாயா?

சீடன்: டிரம்ஸ் இல்லை. கால் வைக்கத் தரையில்லாத மாதிரி இருந்தது.

குரு: அப்படியானால் தாளம் எங்கே இருந்தது?

சீடன்: ஹேடன் கையில்.

குரு: அவர் ஒரு ஸ்வரத்தை நீளவிட்டுச் சும்மா இருக்கும்போது?

சீடன்: மூன்று பேர் மனதிலும்.

குரு: நீ மேசையில் விரல் தட்டிக்கொண்டிருந்தாயே, அதையும் சேர்த்துக்கொள். போடுகிற ஆள் இருந்தால் தாளத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுவோம். இங்கே ஒப்படைக்க ஆளில்லை.

சீடன்: பாட்டுகளும் பழசுதானே? 'செரோகி', 'ரவுண்ட் மிட்நைட்' எல்லாம் எத்தனையோ வருடமாய் எல்லோரும் வாசித்தவை. இதில் மனோதர்மத்துக்கு எங்கே இடம்?

குரு: கோனிட்ஸ் தன் மாணவர்களுக்குப் பத்துப் படி வைத்திருந்தார். முதல் படி, மெட்டை உள்ளபடியே வாசிப்பது. அடுத்த படியில் சிறிது அலங்காரம். இப்படியே ஏறி, பத்தாவது படியில் மெட்டு மறைந்து புதிது மட்டும் நிற்க வேண்டும். அவருடைய குரு லென்னி டிரிஸ்டானோ, கண் தெரியாத பியானோ மேதை. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்ததை முதலில் வாயால் பாடிக் காட்டச் சொல்வார். வாத்தியம் அதற்குப் பிறகுதான்.

சீடன்: பத்தாம் படியில் நிற்பவர் எதற்கு மறுபடி முதல் படிக்கு இறங்க வேண்டும்?

குரு: கை கற்றதைக் கையே வாசித்துவிடும், அப்பா. ஆள் தேவைப்படாது. 'செரோகி'யின் கோர்டுகளை வைத்துத்தான் 1945இல் சார்லி பார்க்கர் 'கோ கோ'வை வாசித்தார். அதன்பின் ஆல்ட்டோ எடுத்தவர்களெல்லாம் பார்க்கர் ஆகப் புறப்பட்டார்கள். புறப்படாத சிலரில் கோனிட்ஸ் ஒருவர். விரல் தானாக ஓடப்போகிற நேரத்தில் நிறுத்திக்கொள்கிறார். நீ மூச்சுக் குறைவு என்றது அதைத்தான்.

சீடன்: எல்லா இடத்திலுமா?

குரு: இல்லை, சில இடத்தில் நிஜமாகவே மூச்சுதான். 'ரவுண்ட் மிட்நைட்' எனக்கும் இழுவையாகத்தான் பட்டது. ஆறு பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒன்றைக் குறைத்திருந்தால் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

சீடன்: இன்றைக்கு ராத்திரி மறுபடி கேட்கிறேன்.

குரு: இந்தத் தடவை சாக்ஸபோனை விட்டுவிட்டு ஹேடனை மட்டும் கேள். குடும்பத்தோடு வானொலியில் பாடிக்கொண்டிருந்த பிள்ளை. 15 வயதில் போலியோ வந்து பாட்டு போய்விட்டது, பேஸைப் பிடித்துக்கொண்டார். அவர் எங்கெங்கே வாசிக்காமல் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வா. நாளைக்குப் பேசலாம்.