வகையின் தூய்மையும் உயிரின் நலனும்

அழகு யாது என வரையறுக்கும் உரிமை எவருக்குரியது என்னும் வினா பெரும்பாலும் கலை பற்றிய ஆராய்ச்சியிலேயே எழுப்பப்படுவதாகும். ஆனால், அவ்வரையறை ஓர் உயிரின் உடலை உருவாக்கும் விதியாகும்போது, அது அறவியல் வினாவாகிவிடுகின்றது. நாய் வகைகளை ஆளும் கழகங்களின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1859ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க்காட்சியொன்று நடைபெற்றது. இத்தகைய காட்சிகள் பெருகவே, அவற்றை நெறிப்படுத்தவும் நாய்களின் வமிசாவளியைப் பதியவும் 1873இல் இலண்டனில் கெனல் கழகம் நிறுவப்பட்டது. அமெரிக்கக் கெனல் கழகம் 1884இல் தோன்றியது. 1911இல் ஜேர்மனி, ஒஸ்திரியா, பெல்ஜியம், ஒல்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் கழகங்கள் இணைந்து சர்வதேசச் சம்மேளனமொன்றை அமைத்தன. பெல்ஜியத்தில் தலைமையகத்தைக் கொண்ட இச்சம்மேளனம் இன்று 350க்கு மேற்பட்ட வகைகளை அங்கீகரித்துள்ளது. பிரித்தானிய, அமெரிக்கக் கழகங்கள் இதில் அங்கம் வகிப்பதில்லை. எனினும் அடிப்படை முறை யாண்டும் ஒன்றே. ஒவ்வொரு வகைக்கும் எழுத்திலமைந்த நியமம் உண்டு. உயரம், நிறம், தலையின் அமைப்பு, நடை என்பன அதில் விதிக்கப்படும். நடுவர் அதனையே அளவுகோலாகக் கொள்வர். பெற்றோர் இருவரும் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தாலன்றிக் குட்டியைப் பதியவியலாது என்பது பொதுவிதி.

இவ்விதியின் விளைவை டல்மேசியன் நாயிடத்துக் காணலாம். வெண்ணிற உடலிற் கரும்புள்ளிகள் கொண்ட இவ்வகையில், யூரிக்கமிலத்தைச் செவ்வனே மாற்றவியலாத பரம்பரைக் குறைபாடு முற்றாகப் பரவியிருந்தது. அதனால், சிறப்பாக ஆண் நாய்களிடத்து, சிறுநீர்ப்பையிற் கற்கள் தோன்றி வேதனை தருவதுண்டு. தெளிவான புள்ளிகளை விரும்பித் தெரிந்தெடுத்தமையே இக்குறைபாட்டை நிலைபெறச் செய்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். வகை முழுவதிலும் நல்ல பரம்பரையலகு இல்லாதவிடத்து, அதனை வெளியிலிருந்தே பெறவேண்டும். 1973இல் அமெரிக்க அறிஞர் றொபேட் ஷெய்பிள் டல்மேசியனைப் பொயின்ரர் வகை நாயுடன் ஒருமுறை கலந்து, அதன் வழித்தோன்றல்களை மீண்டும் டல்மேசியன்களுடனேயே இணைத்துவந்தார். 1981இல் அவற்றுள் இரண்டை அமெரிக்கக் கழகம் பதிந்தது. வளர்ப்போரிடையே எதிர்ப்பு எழவே மேலும் பதிவது நிறுத்தப்பட்டது. மீண்டும் கதவு திறந்தது 2011இலேயே. பிரித்தானியக் கழகம் அதற்கு முந்திய ஆண்டில் இவ்வழிவந்த நாயொன்றை ஏற்றிருந்தது.

எதிர்த்தோரின் வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. பதிவேட்டின் மதிப்பு அதன் நம்பகத்தன்மையில் தங்கியுள்ளது. ஒரு விதிவிலக்கு பல விதிவிலக்குகளுக்கு வழிவகுக்கும். முன்னோர் பேணித் தந்ததைச் சிதையாது கையளித்தல் கடமை என்பன அவர்தம் நியாயங்கள்.

ஆயினும் இருவிடயங்கள் ஈண்டுச் சிந்தித்தற்குரியன. முதலாவது, தூய்மை என்பது யாது? எந்த நாய் வகையும் கலப்பின்றித் தோன்றியதன்று. ஒருநாட் பதிவேடு மூடப்பட்டது. அன்றுவரை நிகழ்ந்த கலப்பு மரபாயிற்று, அதன் பின்னர் நிகழ்வது மாசாயிற்று. மேலும், தலைமுறைதோறும் அயற்குருதியின் பங்கு சராசரியாகப் பாதியாகும். பத்தாந் தலைமுறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணைச் சிறு பங்கை விலக்குதற்கு நோயை ஏற்பது தூய்மையைப் பேணுதலன்று. தூய்மை என்னும் சொல்லைப் பேணுதலேயாம்.

இரண்டாவது, வகை என்பது ஒரு கருத்து; நோவை அனுபவிப்பது தனி நாயே. மனிதர்க்கிடையே ஒரு சட்டம் நீதியானதா என அறிய, அதற்குட்படுவோர் அதனை ஏற்பரா என வினவலாம். நாயிடம் அவ்வாறு வினவ வழியில்லை. இதனால் விதி செய்வோரின் பொறுப்பு குறைவதில்லை, மிகுகின்றது. மறுத்துரைக்க வாயற்றோர்க்குச் சட்டம் வகுப்பவர் உரிமையாளரல்லர். அவர் பொறுப்பாளர் மாத்திரமே.

ஆகவே நியமங்களே வேண்டாமென்பது எமது கருத்தன்று. நியமம் எதன்பொருட்டு எழுதப்பட்டது என்பதை அதனைக் காப்போர் மறத்தலாகாது. 1981இற்கும் 2011இற்கும் இடையே கழிந்த முப்பது ஆண்டுகளில் அறிவியல் தீர்வு கையிலிருந்தது. அதனை ஏற்கும் மனமே இல்லாதிருந்தது. அறியாமையால் நேரும் துன்பத்திற்கு மன்னிப்புண்டு. அறிந்தபின்னும் ஏட்டின் ஒழுங்கிற்காகத் தொடரவிடப்படும் துன்பத்திற்கு அதனைத் தொடரவிட்டோரே பொறுப்பாவர்.