வில் நழுவிய இடம்



கீதை வகுப்பில் முதல் அத்தியாயத்தை நாம் எப்போதும் அவசரமாகத் தாண்டிவிடுவோம். யார் யார் சங்கு ஊதினார்கள் என்று ஒரு பட்டியல், அப்புறம் அர்ஜுனன் புலம்புவது, அவ்வளவுதானே, இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகலாம் என்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். போன மாதம் ஆர்க்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகைக்குப் போகும் வரைக்கும்.

எங்கள் பல்கலைக்கழக இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்க எனக்கு வாய்ப்பு வந்தது. பாட்டியிடம் சொன்னபோது "கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவாய்யா? எத்தன சினிமா பாட்டு?" என்றார். அது வேற, இது வேற என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. நாற்பது பேர் நோட்டுப் பார்த்து வாசிப்பார்கள், நான் நடுவில் சின்ன மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கர்நாடக முறையில் வாசிப்பேன். எடுத்துக்கொண்டது முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்', ஹம்சத்வனி ராகம். இதில் ஒரு பொருத்தம் உண்டு. வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வெள்ளைக்காரர் கருவியை வெள்ளைக்காரரிடமே கற்றுக்கொண்டு நம் ராகங்களை அதில் ஏற்றினார். 1985-இல் ஜூபின் மேத்தா நடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவோடு எல். சுப்பிரமணியம் வேத மந்திரங்களை அடிப்படையாக வைத்துத் தானே எழுதிய படைப்பைத் தனி வயலினாக வாசித்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், மருத்துவமும் படித்தவர். "எஞ்சினியரிங் படிக்கிற பையனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்கும் மாமாக்களுக்கு நான் சொல்லும் பதில் அவர்தான்.

சரி, ஒத்திகைக்கு வருவோம். முதலில் சுருதி சேர்ப்பது. ஓபோ என்ற குழல் 'ஏ' ஸ்வரத்தை ஊதும், எல்லோரும் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். என் ஸட்ஜம் 'ஜி'. அதனால் அவர்களுடைய 'ஏ' எனக்கு ரிஷபம். அதிலிருந்து இறங்கி என் ஸ-வைப் பிடிக்க வேண்டும். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை அடுத்து வந்தது. ஆரம்பம் மெதுவான ஆலாபனை. செல்லோக்கள் அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதன் மேல் நான் ஒரு நீளமான ஸ இழுக்க வேண்டும். வில்லைத் தந்தியில் வைத்தேன். கை நடுங்கியது. வேகமாக வாசிக்கும்போது நடுக்கம் மறைந்துவிடும், ஆனால் மெதுவாக, மென்மையாக இழுக்கும் வில்லில் ஒவ்வொரு உதறலும் காதில் விழும். வில் தந்தி மேல் துள்ளியது. நடத்துநர் "மறுபடி" என்றார். மூன்று தடவை மறுபடி. நான் வில்லை இறுக்கிப் பிடித்தேன், நடுக்கம் கூடியது. கூடியதும் பயம் கூடியது, இன்னும் இறுக்கினேன். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் பாசிட்டிவ் ஃபீட்பேக். பெயர் தெரிந்து என்ன செய்ய?

அன்று இரவு "என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று செய்தி எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு ஈப்போவுக்கு ரயில் ஏறினேன். போனில் கீதையைத் திறந்தேன். பக்தியால் இல்லை, தூக்கம் வரவில்லை. முதல் அத்தியாயம். அர்ஜுனன் கேட்கிறான், என் தேரை இரண்டு சேனைகளுக்கும் நடுவில் நிறுத்து என்று. நிறுத்தியதும் வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது, தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னால் நாற்பது பேர், முன்னால் சபை, நடுவில் நான். கையில் வில். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன், அது ஒன்றுதான் வித்தியாசம்!

ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், தெரியும். அவனுக்கு வந்தது மேடைப் பயம் இல்லை, சொந்தக்காரர்களைக் கொல்ல வேண்டிய துக்கம். ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. நம்மில் பல பேர் இன்டர்வியூ அறைக்கு வெளியே, வைவா அன்று காலையில், இதே நடுவில் நின்றிருப்போம்.

கிருஷ்ணர் "பயப்படாதே, நீ பெரிய வீரன்" என்று முதுகில் தட்டி அனுப்பவில்லை. பதினோராம் அத்தியாயத்தில், நீ வெறும் நிமித்தமாக இரு என்கிறார். அதாவது கருவியாக இரு. இதை வைத்து "எல்லாம் சாமி பாத்துக்கும்" என்று படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவர்களை நமக்குத் தெரியும். ஆனால் அதே சுலோகத்தில் அவர் அர்ஜுனனை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்று பாருங்கள்: சவ்யசாசி. இடது கையாலும் அம்பு விடத் தெரிந்தவன். அது பயிற்சியால் வந்த பெயர். இரண்டு கையும் பழகியவனைப் பார்த்துத்தான் கருவியாக இரு என்கிறார். கருவி என்றால் சும்மா கிடப்பது இல்லை. தந்தி தளர்ந்த வயலினை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

அப்படியானால் எப்படிப் பழகுவது? அதைச் சொன்னது பாட்டி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருசம் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை. லயம் இருந்த இடமே தெரியாது. மறுநாள் கல்லுமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, மண்டபத்தில் உட்கார்ந்து கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"உளிய இறுக்கிப் புடிப்பியா?" என்றார்.

"என்ன பாட்டி?"

"புதுசா வேலைக்கு வர்றவங்க அப்படித்தான் புடிப்பாங்க. இருட்டு, தலையில வெளக்கு, கங்காணி பாக்குறானேன்னு பயம். இறுக்கிப் புடிச்சா உளி ஆழமா போயிரும், மரத்துக்குக் காயம். பயந்து மேலாக்க சீவுனா பால் வராது. பட்டைய மட்டும் பாக்கணும்யா. கங்காணிய பாக்கக் கூடாது."

அந்தச் செய்தியை அங்கேயே அழித்தேன்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, விளக்கேற்றி, வெறும் ஸ மட்டும் இழுக்கிறேன். ஒரு வில்லுக்கு இருபது வினாடி, அரை மணி நேரம். கீர்த்தனை அப்புறம்தான். அறை நண்பனுக்கு என் மேல் கோபம், அது நியாயமானது. இரண்டாம் ஒத்திகையிலும் கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தடவை நான் கையைக் கவனிக்கவில்லை. அடியில் செல்லோ பிடித்திருந்த ஸ கேட்டது. முதல் ஒத்திகையிலும் அது இருந்திருக்க வேண்டும், எனக்குத்தான் கேட்கவில்லை. அதில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வரும் சனிக்கிழமை நிகழ்ச்சி. பாட்டிக்கு மூன்றாவது வரிசையில் இடம். முதல் இரண்டும் பிரமுகர்களுக்காம். "பரவால்லய்யா, எனக்கு காது கேக்கும்" என்கிறார்.