சிங்க் பொத்தானும் பழகாத காதும்

கணினித் திரையில் சுழலும் மெய்நிகர் இசைத்தட்டுகளைக் கொண்டு டிஜே கலையைக் கற்கத் தொடங்குபவர், ஒரு பாடலின் தாளத்தை அடுத்த பாடலின் தாளத்தோடு பிசிறின்றிப் பொருத்தும் ‘பீட்மேட்சிங்’ என்னும் அடிப்படைத் திறனை, ‘சிங்க்’ பொத்தானை ஒருமுறை அழுத்தியே பெற்றுவிட்டதாக எண்ண இடமுண்டு. 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேசையில், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் நகர்த்தியே துணையாக இருந்தமையால், நிமிடத்திற்கு 120 தாள அடிகள் கொண்ட பாடலை 126-க்கு உயர்த்த அதனை 5 விழுக்காடு தள்ள வேண்டும் என்பதைக் காதே கண்டறிய வேண்டியிருந்தது. வேகம் கூடக் கூடச் சுருதியும் உடன் ஏறியது (6 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ அரைச்சுரம்). இன்றைய மென்பொருள்கள் சுருதியைப் பூட்டி வைத்து வேகத்தை மட்டும் மாற்றித் தருகின்றன. இது வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் தாளத்தைக் கணிக்கும் நிரல், மனிதர் வாசித்த டிரம்மின் நெகிழும் நடையில் தடுமாறக்கூடும் என்பதால், எழுபதுகளின் டிஸ்கோ பாடல்களைக் கலக்க முனையும் தொடக்கநிலையாளர், சிங்க்கை அணைத்துவிட்டு, வரவிருக்கும் பாடலை ஒரு காதில் ஹெட்போன் வழியாகவும், ஓடிக்கொண்டிருக்கும் பாடலை மறு காதில் ஒலிபெருக்கி வழியாகவும் கேட்டுப் பழகுவதே முறை.