பரிசலில் ஏறாதவன்

2016 அக்டோபரில் வத்திக்கான் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. உடலை எரிக்க 1963லேயே அனுமதி தந்தாயிற்று. இப்போது விஷயம் சாம்பல். அதைக் காற்றிலோ மண்ணிலோ நீரிலோ தூவக்கூடாது. புனிதப்படுத்தப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் சற்றுத் தளர்த்தினார்கள்: பலருடைய சாம்பலை ஒன்றாகச் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆக, தருமபுரிக் கத்தோலிக்கர் ஒருவரின் சாம்பலை, காவிரி எவ்வளவு அருகில் ஓடினாலும், ஒகேனக்கல்லில் கரைக்க முடியாது. இதை வெறும் சடங்குப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒகேனக்கல் பாறைகளில் சிலவற்றுக்கு 200 கோடி வருஷங்களுக்கு மேல் வயது. அவற்றின்மேல் நீர் விழுந்து புகையாய் எழுகிறது. கன்னடத்தில் பெயரே புகையும் கல். அதன் முன்னால் ஒரு மனிதனின் எழுபது வருஷம் அற்பம். அந்த அற்பத்திலேயே ஓர் ஆறுதலும் உண்டு. கரைந்துவிடலாம், ‘நான்’ என்ற தொல்லை ஓயும். கிறிஸ்தவ நம்பிக்கை இந்த ஆறுதலை ஏற்பதில்லை. இதே ஆள், இதே பெயரோடு, உடம்போடு எழுந்து வரவேண்டும் என்கிறது. தத்துவவாதிக்கு இது சற்று அநாகரிகமான ஆசையாகத் தோன்றும். எனக்கு இதன் அநாகரிகம்தான் பிடித்திருக்கிறது. செத்துப்போன ஒருவரை நேசித்தவன் விரும்புவது பிரபஞ்சத்தையா, அவரையா?

ஆன்மா அழியாது என்பது வேறு, மரித்தோர் எழுவர் என்பது வேறு. 1955ல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் ஆஸ்கர் குல்மான் இதைப் பிரித்துக் காட்டினார். சாக்ரடீஸ் நஞ்சை அமைதியாகக் குடிக்கிறார். இயேசு கெத்செமனேயில் நடுங்குகிறார். முன்னவருக்குச் சாவு விடுதலை, பின்னவருக்கு எதிரி. லாசருவை எழுப்பப்போகிறவரே அவன் கல்லறைக்குப் போகும்போது அழுகிறார். எழுந்த லாசருவும் பிறகு ஒருநாள் செத்துத்தானிருப்பான்.

நம் ஊர் அடக்க ஆராதனைகளில் இந்த நடுக்கம் எங்கே? ‘தூங்குகிறார்’, ‘நல்ல இடத்துக்குப் போய்விட்டார்’ என்று பிரசங்கியார் அவசரமாக அக்கரை சேர்த்துவிடுகிறார்.

ஜான் பன்யன் 1678ல் வெளியிட்ட பயண நூலின் கடைசியில் ஓர் ஆறு வருகிறது. வைணவத்திலிருந்து வந்து 1858ல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்த நூலைத் தழுவித்தான் 1894ல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை வெளியிட்டார். பன்யனின் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. விசுவாசி இறங்கி நடக்கிறான், மூழ்குகிறான், பயத்தில் பிதற்றுகிறான். நம்பிக்கை என்ற தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கப் படாதபாடு படுகிறான். பின்னால் வரும் அறிவிலிக்கோ ஒரு படகோட்டி கிடைத்துவிடுகிறான். சிரமமில்லாமல் கடக்கிறான், வாசலில் திருப்பியனுப்பப்பட்டு நரகத்துக்குப் போகிறான். படகோட்டியின் பெயர் வீண் நம்பிக்கை. நரகத்தை விட்டுவிடலாம், அது பன்யனின் காலத்துக் கடுமை. ஆனால் படகில் போனவனுக்குக் காலே நனையவில்லை என்பதை விடமுடியவில்லை.

ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்தும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஆற்றோடு போய் உடலே கிடைக்காதவனுக்குப் புனித இடம் ஏது, பெயர் பொறிக்கக் கல் ஏது? கடலும் தன்னிலுள்ள மரித்தோரைத் திருப்பித் தரும் என்று வெளிப்படுத்தல் நூல் சொல்கிறது. உடல் கிடைக்காத வீட்டில் அந்த வசனத்தை வாசிக்கப்போகிறவர், படகோட்டியின் குரலில் வாசிப்பாரா, கழுத்தளவு நீரில் நிற்கும் தோழனின் குரலிலா?