ஓட்டமும் கொடியும்

1939 யூலை 15இல், இத்தாலியின் மிலான் நகரில், ஜேர்மனிய வீரர் றுடோல்ஃப் ஹார்பிக் 800 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடிமுடித்தார். முந்திய ஆண்டு ஆங்கிலேயரான வூடர்சன் நிலைநாட்டிய உலக சாதனையிலும் இது 1.8 செக்கன் குறைவு. (செக்கனின் பத்திலொரு பங்குக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களே இதன் அருமையை அறிவர்.) ஏழு வாரங்களில் போர் மூண்டது. 1944 மார்ச் 5இல் ஜேர்மனியப் படைவீரராக உக்ரேனில் அவர் மடிந்தார். அச்சாதனையோ 1955 வரை நிலைத்தது.

அது யாருக்குரியது? ஓடிய கால்கள் அவருடையவை. பயிற்சியை வகுத்தவர் கேர்ஷ்லர் என்னும் பயிற்றுநர். மணிக்கூடு எக்கொடியையும் அறியாது. எனவே சாதனை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பர் சிலர். இவ்வாதம் எனக்குப் பாதியளவே உடன்பாடு. ஓட்டத்தின் அளவு தூயதுதான். ஆயின் மிலானில் அவரை வென்றவராக்கிய அதே உடல்வலிமையே பின்னர் அந்நியர் மண்ணில் ஆயுதம் ஏந்திநின்றது. அவ்விரண்டையும் வெவ்வேறு மனிதர்களாகப் பிரித்தற்கு நமக்கு உரிமை ஏது? படைச்சேவையை மறுத்தவர்களை நாசி அரசு கொன்றதென்பது உண்மை. அவ்வச்சம் அவரது குற்றத்தைக் குறைக்கலாம். அவரால் துன்புற்றிருக்கக்கூடிய உக்ரேனியருக்கு அது பதிலாகாது.

1951இல், நாசிகளைப் பகைத்த கிழக்கு ஜேர்மனியிலேயே, அவர் பிறந்த டிறெஸ்டன் நகரின் விளையாட்டரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஓட்டவீரரைப் போற்றியவர்கள் போர்வீரரைப் பற்றி என்ன நினைத்தனரோ.