வினைப்பயனை அளப்பவர் யார்?

ஒரு காலத்தில் கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓடி ஓய்ந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களை ஐரோப்பாவில் இன்றும் சிலர் அரும்பாடுபட்டுச் செப்பனிட்டு, ஆமணக்கெண்ணெய்ப் புகை மணக்க மீண்டும் களத்தில் இறக்குகின்றனர். அவற்றின் கூர்த்த ஒலிக்குப் பின்னே, தர்மம் அறிந்தோரும் எளிதில் தீர்க்க மாட்டாத வழக்கு ஒன்று கிடக்கிறது.

கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் என்னும் சிற்றூரில், எம்.இஸட். தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை நடத்திவந்தவர் வால்டர் காடன். டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில், எரிந்த வாயு வெளியேறும் துவாரத்தின் வழியே, அதனைத் தொடர்ந்து வரும் புதிய பெட்ரோல் கலவையிலும் ஒரு பகுதி வீணே நழுவிப்போகும். புகைக்குழாயை முதலில் அகன்றும் பின்னர்க் குறுகியும் செல்லுமாறு அமைத்தால், வாயுவோடு புறப்படும் அழுத்த அலை குறுகிய முனையில் மோதித் திரும்பி, நழுவும் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும் என்பதைப் பயன்படுத்தி, அந்த அலை திரும்பும் கணத்தை ஆஸிலாஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் குழாயின் அளவுகளை அவர் திருத்தினார். வறுமை மிகுந்த அந்தப் பட்டறையிலிருந்து 1961-இல் வெளிவந்த 125 சி.சி. இயந்திரம் 25 குதிரைசக்தி தந்தது. லிட்டர் ஒன்றுக்கு 200 என்பது, சூப்பர்சார்ஜர் இல்லாத இயந்திரம் எதுவும் அந்நாள்வரை எட்டாத அளவு.

அவ்வியந்திரத்தை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடனின் கிறிஸ்டியன்ஸ்டாட் பந்தயத்துக்குச் சென்ற டெக்னர் ஊர் திரும்பவில்லை. அவருடைய மனைவி மக்கள் காரின் பின்பெட்டிக்குள் ஒளித்து எல்லை கடத்தப்பட்டனர். அவர் வழியே காடனின் வித்தை ஜப்பானின் ஸுஸுகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. மறு ஆண்டே டெக்னர் ஸுஸுகியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு உலகப் பட்டம் கிட்டியது அதுவே முதல் முறை. 1963-இல் ஸுஸுகா பந்தயக்களத்தில் அவர் விழுந்தபோது பெட்ரோல் தீப்பற்றி உடல் கொடிதாய் வெந்தது. பலமுறை தோல் ஒட்டியும் பழைய உடல்நலம் அவருக்குத் திரும்பவில்லை. 1983-இல் கானரித் தீவுகளில் காலமானார்.

செய்த துரோகம் தீயாய் வந்து சுட்டது என்று சொல்லிவிட நாவு துடிக்கிறது. போன அலை திரும்பிவந்து தாக்கும் அந்தப் புகைக்குழாயையே வினைக்கொள்கைக்கு உவமையாக்கவும் தோன்றுகிறது. எனினும், அலை திரும்பும் கணத்தைக் காடன் கருவிகொண்டு கண்டார். பிறருடைய வினை திரும்பும் கணத்தைக் காண நம்மிடம் கருவி யாது? 1973-இல் மோன்சாவில் ஒரே விபத்தில் மாண்ட பந்தய வீரர்கள் யார்னோ ஸாரினனும் ரென்சோ பசோலினியும் எவருக்குத் துரோகம் இழைத்தனர்? முற்பிறவி வினை என்பாருண்டு. எல்லா மரணத்துக்கும் பொருந்துகிற விடை எந்த ஒரு மரணத்துக்கும் நிரூபணமாகாது. கர்ம சித்தாந்தத்தில் எனக்குள்ள சிரத்தை குறைந்ததன்று. ஆயினும் அது செய்யப்புகுவோன் தன் கையைத் தானே தடுத்துக்கொள்ள அருளப்பட்டதேயன்றி, வெந்துகிடப்பவன் தலைமாட்டில் நின்று தீர்ப்பு வாசிக்க அருளப்பட்டதன்று.

அதனால் டெக்னர் குற்றமற்றவரென்று ஆகிவிடாது. மனைவி மக்களைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோக விரும்பியது குற்றமன்று. வித்தை கைமாறியதும் குற்றமன்று. பொறியாளர் டேனியல் ஸிம்மர்மன் முன்னரே கையாண்ட, கலவை உட்புகுவதை ஒழுங்குபடுத்தும் சுழல்தட்டு வால்வைக் காடனும் மேற்கொண்டார், வித்தை அப்படித்தான் வளர்கிறது. தன்னை நம்பி எல்லாவற்றையும் காட்டிய மனிதனின் நம்பிக்கையைப் புதுவாழ்வுக்கு விலையாகக் கொடுத்ததே குற்றம். அந்த விலையின் பயனை, 1975-இல் பந்தய வீரர் அகோஸ்டினி யமஹாவில் 500 சி.சி. பட்டம் வென்றது முதல் 2001 வரை அப்பட்டம் முழுவதும் டூ-ஸ்ட்ரோக்குக்கே உரியதாய் இருந்த காலமெல்லாம், உலகம் தடையின்றி அநுபவித்தது.

ஆகவே, அவ்வியந்திரங்களைப் போற்றிக் காக்கும் அன்பர்களிடம் ஒன்றே வேண்டுவேன்: பழைய ஸுஸுகி ஒன்று களத்துக்கு வரும்போது, டெக்னரின் பெயரை இகழ்ச்சியின்றிச் சொல்லுங்கள், அதற்கு முன்னே, சோப்பாவிலேயே இருந்து உழைத்த வால்டர் காடனின் பெயரைச் சொல்லுங்கள்.